மொரீசியஸில் ஐந்து நாள்: அடிமை வரலாறு படிக்கப் போகும் மாணவர் குழுவுக்கு

மொரீசியஸுக்குப் போகும் தமிழ்நாட்டு மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கதையோடுதான் விமானம் ஏறுகிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள், பாடுபட்டார்கள், தலையெடுத்தார்கள். கதை பொய்யில்லை, ஆனால் பாதியிலிருந்து தொடங்குகிறது. அந்தத் தோட்டங்களை முதலில் வெட்டித் திருத்தியவர்கள் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அவர்களோடு இந்தியாவிலிருந்து போன அடிமைகளும் இருந்தார்கள். சோழமண்டலக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்களும் அதில் உண்டு. பயணத்தை ஒழுங்காகத் திட்டமிட்டால் இந்த முன்பாதியை மாணவர்கள் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இல்லையென்றால் கடற்கரைப் படங்கள்தான் மிஞ்சும்.

பிளஸ் டூ, கல்லூரி மாணவர்கள் 15 முதல் 20 பேர், கூட ஆசிரியர் இரண்டு மூன்று பேர் என்ற கணக்கில் இது எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் அருங்காட்சியக அறைகளில் பின்வரிசைக்கு ஒன்றும் காதில் விழாது. குழுவை இரண்டாகப் பிரித்து, ஒரு மணி நேர இடைவெளி விட்டு அனுப்ப வேண்டியிருக்கும்.

எப்போது போவது

நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே வெயிலும் புயலும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை புயல் ஆபத்து கூடுதல். புயல் எச்சரிக்கை படிப்படியாக உயரும், மேல்படிக்குப் போனால் பேருந்து நிற்கும், அருங்காட்சியகம் மூடும், விமானம் தள்ளிப்போகும். மே முதல் அக்டோபர் வரை காற்று குளிர்ச்சி, மழை குறைவு, மலையேறத் தோது. நம் பள்ளிகளுக்கு மே விடுமுறை பொருந்தி வரும்.

பிப்ரவரி 1 அடிமை ஒழிப்பு நாள், நவம்பர் 2 ஒப்பந்தத் தொழிலாளர், அதாவது கூலி ஒப்பந்தத்தில் தோட்ட வேலைக்கு வந்த இந்தியர், வந்திறங்கிய நாள். இரண்டுமே அரசு விடுமுறை. முதலாவதுக்கு லெ மோர்ன் மலையடிவாரத்திலும், இரண்டாவதுக்குத் தலைநகர் போர்ட் லூயியில் அந்தத் தொழிலாளர்கள் கரையேறிய ‘ஆப்ரவாசி காட்’ படித்துறையிலும் அரசு விழா நடக்கும். விழாவைப் பார்ப்பது நல்ல அனுபவம்தான். ஆனால் மலர்வளையம், மேடை, பாதுகாப்புக் கெடுபிடி நடுவே இடத்தைப் பார்க்க முடியாது. அந்தத் தேதியில் போனால் விழாவுக்கு ஒரு நாள், படிப்புக்கு இன்னொரு நாள் என்று அதே இடத்துக்கு இரண்டு முறை போக வேண்டும்.

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்

முதல் வேலை, ஒரு பக்கக் காலக்கோடு. மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். இவ்வளவு போதும்: 1598-ல் டச்சுக்காரர்கள் வந்தார்கள், 1638-ல் குடியேறினார்கள், 1710-ல் விட்டுப்போனார்கள். 1715-ல் பிரெஞ்சுக்காரர்கள் தீவைத் தமதென்று அறிவித்தார்கள், 1721-ல் குடியேற்றம் தொடங்கினார்கள். 1723-ல் அடிமைகளுக்கான சட்டம். 1735-ல் லபூர்தொனே ஆளுநர். 1810-ல் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1834 நவம்பர் 2, ‘அட்லஸ்’ கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தார்கள். 1835 பிப்ரவரி 1, அடிமை ஒழிப்பு. 1839-ல் ‘பயிற்சிக் காலம்’ முடிந்தது.

கடைசி மூன்றையும் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். அடிமை முறை முடிந்த பிறகு ஆள் போதாமல் இந்தியர்களைக் கூப்பிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அட்லஸ் வந்து சேர்ந்தது ஒழிப்புக்கு மூன்று மாதம் முன்னால். மாற்று ஆள் கைக்கு வந்த பிறகுதான் பழைய ஆளின் விலங்கு கழன்றது. அப்போதும் முழுசாகக் கழலவில்லை. ‘பயிற்சியாளர்’ என்று பெயரை மாற்றி, அதே முதலாளியிடம் 1839 வரை கட்டாய வேலை வாங்கினார்கள். 1835 என்று எழுதிவிட்டு நிறுத்தும் மாணவருக்கு இந்த நான்கு ஆண்டு தெரியாமலே போகும்.

இரண்டாவது, பணம் யாருக்குப் போனது என்பது. பிரிட்டிஷ் அரசு தன் காலனிகளின் அடிமை உடைமையாளர்களுக்கு ஈட்டுத்தொகையாக ஒதுக்கியது 2 கோடி பவுண்டு. மொரீசியஸ் உடைமையாளர்களுக்குப் போனது 20 லட்சம் பவுண்டுக்கு மேல். அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று பார்க்க லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் இணையத் தரவுத்தளம் இருக்கிறது, இலவசம். ‘பிரிட்டிஷ் அடிமை முறையின் எச்சங்கள்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் தேடினால் வந்துவிடும். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, மொரீசியஸ் கோரிக்கை ஒன்றை எடுத்து, உடைமையாளர் பெயர், அடிமைகளின் எண்ணிக்கை, தொகை மூன்றையும் குறித்து வரட்டும். ஒரு வகுப்பு நேரம் போதும்.

மூன்றாவது, நம் கரையிலேயே ஒரு நாள். வசதி இருந்தால் இதை விடாதீர்கள். சென்னையிலிருந்து பழவேற்காடு ஒரு நாளில் போய்வரும் தூரம். டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் மண்டை ஓடு செதுக்கிய கல்லறைகளைப் படமெடுக்கத்தான் எல்லோரும் போகிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில், பஞ்ச காலங்களில், அதே துறையிலிருந்து தமிழரும் தெலுங்கரும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டார்கள் என்பதைச் சொல்ல அங்கே பலகை தேட வேண்டாம், ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். புதுச்சேரி பக்கம் இருப்பவர்கள் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் 1743-ஆம் ஆண்டுப் பகுதியைப் படிக்கலாம். ஆட்களை ஏமாற்றிப் பிடித்து, தலையை மழித்து, கறுப்புத் துணி கட்டி, அடைத்து வைத்துக் கப்பலேற்றிய கும்பலைப் பற்றி அதில் வருகிறது. வகுப்பில் சத்தமாக வாசிக்க வையுங்கள். தமிழிலேயே எழுதப்பட்ட நேர்சாட்சி அது. தங்கள் மொழியில் இப்படி ஒன்று இருப்பது பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரியாது.

தாள்களும் பெட்டியும்

இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசா கட்டணமில்லாமல் இறங்கியதும் கிடைக்கும். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் உறுதிச்சீட்டு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று மூன்றையும் குடிநுழைவு மேசையில் கேட்பார்கள். கைபேசியில் மட்டும் வைத்திருந்து சார்ஜ் தீர்ந்து தவிக்காமல் ஆளுக்கொரு அச்சுப்படி கையில் இருக்கட்டும். பயணத்துக்கு முன் இணையத்தில் நிரப்பும் வருகைப் படிவம் இருக்கிறது, கிளம்பும் வாரத்தில் அரசுத் தளத்தில் நிரப்புங்கள். அதற்குக் காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. 18 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் இருவரின் ஒப்புதல் கடிதம் ஆங்கிலத்தில், கையொப்பத்துடன். குழு பள்ளியின் பேரில் போகிறது என்று தலைமையாசிரியர் கடிதம் ஒன்றும் சேர்ந்தால் நல்லது.

மருந்து விஷயத்தில் கவனம். தூக்க மாத்திரை, கடும் வலி மாத்திரை, மனநல மருந்து போன்றவற்றில் அந்த நாடு கறார். முன் அனுமதி தேவைப்படலாம், மருத்துவர் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரையும் வேண்டாம். மின்செருகி அங்கே பிரிட்டிஷ் மாதிரி பட்டை மூன்றுமுனை, மெல்லிய இரண்டுமுனையும் சில இடத்தில் ஏறும். நம் பருமனான மூன்றுமுனை ஏறாது. ஐந்து பேருக்கு ஒரு மாற்றுச்செருகியும் ஒரு நீட்டுப்பலகையும் இருந்தால் போதும்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடைக்காத நாளில் மும்பை அல்லது தில்லி வழியாகப் போகலாம். மாறும் இடத்தில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள், 20 பேரில் ஒருவர் பெட்டிக்காவது ஏதாவது ஆகும். நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால் இருக்கிறது மொரீசியஸ். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 114, போலீஸ் 999. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கட்டும்.

குறிப்பேடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோடு போட்ட, தைத்த நோட்டு. ஒவ்வொரு விரிப்பிலும் இடது பக்கம் ‘ஆவணம்’, வலது பக்கம் ‘சொன்னார்கள்’. பலகையில், பதிவேட்டில், சட்டத்தில் படித்தது இடப்பக்கம். வழிகாட்டி சொன்னது, ஊரார் சொன்னது, பாட்டில் கேட்டது வலப்பக்கம். வலது இடதைவிடத் தாழ்ந்தது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. கலக்காமல் இருந்தால் போதும். லெ மோர்னில் இதன் அருமை தெரியும்.

முதல் நாள்: போர்ட் லூயி

விமான நிலையம் தீவின் தென்கிழக்கு மூலையில், தலைநகர் வடமேற்கில். இடையே 45 கிலோமீட்டருக்கு மேல். இறங்கிய அன்று எதையும் வைக்காதீர்கள். மறுநாள் காலை அலுவலக நெரிசலுக்கு முன் போர்ட் லூயி போய்விட வேண்டும்.

இந்த நாளில் ஒரே விதிதான்: அடிமை அருங்காட்சியகம் முதலில், ஆப்ரவாசி காட் பிறகு. இரண்டும் துறைமுகத்தின் த்ரூ ஃபான்ஃபரோன் பகுதியில், நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. பல குழுக்கள் நம் ஆட்கள் இறங்கிய இடம் என்ற ஆவலில் ஆப்ரவாசி காட்டை முதலில் பார்த்துவிட்டு, களைத்த கால்களோடு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து அரைமணியில் வெளியே வந்துவிடும். வரிசை மாறினால் பாடமே மாறிவிடும்.

கண்டங்களிடை அடிமை வரலாற்று அருங்காட்சியகம் 2023-ல் திறக்கப்பட்டது. கட்டடமே முதல் காட்சிப்பொருள். லபூர்தொனே காலத்தில், 1740 வாக்கில் எழுந்த இராணுவ மருத்துவமனை இது, கல் சுமந்து கட்டியவர்கள் அடிமைகள். உள்ளே போகுமுன் வெளிச்சுவரில் பத்து நிமிடம். கருங்கல் எங்கே சீராக வெட்டப்பட்டிருக்கிறது, எங்கே சாந்து பூசி மறைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து ஒரு படம் வரையட்டும். பெயர் தெரியாத கொத்தர்களின் கைவேலையை இவ்வளவு பக்கத்தில் பார்க்க இந்தப் பயணத்தில் வேறு இடமில்லை.

உள்ளே எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். ஆளுக்கொரு பொருள் அல்லது ஒரு ஆவணம். அதன் முன் இருபது நிமிடம் நின்று நான்கு கேள்விக்குப் பதில்: இது என்ன, யார் செய்தது, யார் எழுதியது, இதில் யார் குரல் இல்லை. நான்காவது கேள்வி நேரம் எடுக்கும். அடிமைகளைப் பற்றிய தாள்கள் ஏறக்குறைய எல்லாமே மற்றவர்கள் எழுதியவை. வாங்கியவர், விற்றவர், தண்டித்தவர், எண்ணியவர். பெயர்கூட அவர்கள் இட்டதுதான். மாதப் பெயர், கிரேக்கப் புராணப் பெயர், ‘ஜோலிகேர்’ (அழகிய நெஞ்சம்) என்று கேலியாய் இட்ட பட்டப்பெயர். இன்றும் தீவில் அவை குடும்பப் பெயர்களாக ஓடுகின்றன.

பயணத்துக்கு முன்பே வகுப்பில் காட்ட வேண்டிய ஒரு விதிவிலக்கு உண்டு. 1840-களில் ஃப்ரோபெர்வில் என்பவர் தீவில் விடுதலை பெற்றிருந்த கிழக்கு ஆப்பிரிக்கர்களைச் சந்தித்து, ஊர், மொழி, பிடிபட்ட கதை எல்லாம் கேட்டு எழுதினார், பலருடைய முகத்தைச் சுண்ணக்கூழில் அச்செடுத்தார். அந்த அச்சுகள் பிரான்சின் ப்ளுவா அரண்மனைச் சேகரிப்பில் இருக்கின்றன. மூடிய இமைகள், கன்னத்தில் குலக்குறி வடுக்கள். அச்செடுக்கும்போது கூழ் காயும்வரை அசையாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்த மனிதரை நினைத்துப் பார்க்கச் சொன்னாலே வகுப்பு அமைதியாகிவிடும். ஆனால் அச்செடுத்தவரின் நோக்கம் மனித இனங்களை வகைபிரிப்பது. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மதியம் மத்தியச் சந்தை. தால் பூரி வாங்கிச் சாப்பிடலாம், சைவக்காரர்களுக்குச் சிரமமில்லை. காய்கறிப் பக்கம் போய்ப் பெயர் கேட்டுப் பாருங்கள். கறிவேப்பிலை ‘கரிப்புலே’, முருங்கைக்கீரை ‘ப்ரேத் முரூம்’, பீர்க்கங்காய் ‘பிப்பெங்காய்’. வாங்கிய நோட்டையும் திருப்பிப் பார்க்கலாம், தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கும். 1998-ல் புது நோட்டில் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே போட்டதும் பெரிய கொந்தளிப்பு எழுந்து நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். இது அடிமை வரலாறு அல்ல, ஆனால் சோறு தின்னும் நேரத்துக்குச் சரியான பேச்சு.

பிறகு ஆப்ரவாசி காட். 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, பரப்பு வெறும் 1,640 சதுர மீட்டர். பெரிதாக எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், நெடுஞ்சாலையும் துறைமுகமும் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. 1849-ல் எழுந்த குடியேற்ற முகாமின் சமையலறை, வாயிற்காவல் அறை, கழிப்பிடம், கொட்டகைகளின் அடித்தளம் இவைதான் மிச்சம். அப்புறம் அந்த 16 படிகள். 1834-லிருந்து 1920 வரை தீவுக்கு வந்த இந்தியர் ஏறக்குறைய 5 லட்சம் பேர். முகாம் இங்கே அமைந்தபின் வந்தவர்கள் கரையேறியது இந்தப் படிகளில்தான். படியில் ஏறிக்கொண்டே படம் எடுக்க விடாதீர்கள். ஒவ்வொருவராக, பேசாமல், எண்ணிக்கொண்டு ஏறட்டும். படம் பிறகு எடுக்கலாம்.

காலையில் பார்த்ததோடு ஒப்பிடும் வேலை இப்போது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு எண் இருக்கிறது, கப்பல் பெயர் இருக்கிறது, ஊர், தகப்பன் பெயர் இருக்கிறது, 1860-களுக்குப் பிறகு புகைப்படமும் இருக்கிறது. கையில் ஒப்பந்தம், அதில் மாதம் 5 ரூபாய், ஐந்து ஆண்டு. ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிக்கும் ‘இரட்டை வெட்டு’ம் அங்கே இருந்தது, புகைப்படம் ஒட்டிய சீட்டு இல்லாமல் சாலையில் நடந்தால் சிறை. சுதந்திரம் என்று சொல்ல முடியாது. அடிமை என்றும் சொல்ல முடியாது, அவரை விற்க முடியாது, அவர் பிள்ளை உடைமையாளனுக்குச் சொந்தமில்லை. ‘அதுவும் ஒரு அடிமைத்தனம்தான்’ என்று ஒரே வரியில் முடிக்கும் மாணவரிடம் இந்த இரண்டையும் நோட்டில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு இடத்துக்கும் குழு வருவதை ஒரு மாதம் முன்பே மின்னஞ்சலில் சொல்லி, ஆங்கிலம் பேசும் வழிகாட்டி கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமையை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இரண்டாம் நாள்: பழைய கிராண்ட் போர்

தென்கிழக்குக் கரை, டச்சுக்காரர்கள் இறங்கிய இடம். ஃபிரெடரிக் ஹென்ட்ரிக் அருங்காட்சியகம் சின்னது, பக்கத்தில் கோட்டையின் அடித்தளம். அரை நாள் போதும். சொல்ல வேண்டிய சேதிகள் இரண்டு. 1642-ல் மடகாஸ்கரிலிருந்து கொண்டுவரப்பட்ட 105 பேரில் 52 பேர் சில வாரங்களிலேயே காட்டுக்குள் ஓடிவிட்டார்கள், திரும்பப் பிடிபட்டவர்கள் 18 பேர்தான். 1695 ஜூன் 18 இரவு அடிமைகள் சிலர் சேர்ந்து கோட்டைக்குத் தீ வைத்தார்கள். பிடிபட்டுக் கொல்லப்பட்டவர்களில் ஒரு பெண் பெயர் ‘வங்காளத்து அன்னா’. நம் நாட்டு அடிமைகள் பற்றி மாணவர்களுக்குச் சந்தேகம் இருந்தால் இங்கேயே தீர்ந்துவிடும்.

மதியம் மாஹேபூர் தேசிய வரலாற்று அருங்காட்சியகம். கடற்போர்ச் சாமான்கள் அதிகம், 1810 சண்டைக்காக வருபவர்களே கூடுதல். நேரம் குறைவென்றால் விட்டுவிடலாம்.

மூன்றாம் நாள்: லெ மோர்ன்

பயணத்தின் கடினமான நாள். தென்மேற்கு முனையில், மூன்று பக்கமும் கடல் சூழ, 556 மீட்டர் உயரத்தில் ஒற்றைப் பாறையாக நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தப்பியோடிய அடிமைகளுக்கு, அதாவது மரோன்களுக்கு, புகலிடமாக இருந்த மலை. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இயற்கை அழகுக்காக அல்ல, இந்த வரலாற்றுக்காக.

மரோன் என்றால் என்ன ஆபத்து என்பதை முந்தைய இரவே சொல்லிவிடுங்கள். 1723 சட்டப்படி, ஒரு மாதம் ஓடிப்போயிருந்தவருக்குக் காதறுத்துத் தோளில் சூட்டுக்குறி. இரண்டாம் முறை முழங்காலின் பின்பக்க நரம்பை வெட்டி மறு தோளில் சூடு. மூன்றாம் முறை மரணம். அந்த நரம்பு வெட்டுப்பட்டவரால் இந்த மலையில் ஏற முடியாது. தண்டனை எதற்காக அந்த இடத்தைத் தேர்ந்தது என்பது பாறையில் கால் வைத்ததும் விளங்கும்.

காலை ஐந்தரைக்குள் வண்டி கிளம்ப வேண்டும், போர்ட் லூயியிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏழு மணிக்கு வாயிலில் பெயர் பதிந்து ஏறத் தொடங்கினால் பத்தரைக்குள் இறங்கிவிடலாம். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள காலணி, ஒரு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ. செருப்போடு வந்தவரைக் கீழேயே நிறுத்துங்கள். கேட்பார்கள், கெஞ்சுவார்கள், நிறுத்துங்கள்.

பாதையின் முதல் பாதி அகலமான மண் சாலை, யாரும் நடக்கலாம். காட்சிமேடை ஒன்று வரும், கீழே காயலும் பவளத்திட்டும் தெரியும். மாணவர் குழுவுக்கு இதுவே எல்லை. அதற்கு மேல் கையூன்றி ஏறும் செங்குத்துப் பாறை, மழை தூறினால் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் கால் நடுங்கும், விபத்தும் அப்போதுதான். 18 தாண்டிய, பழக்கமுள்ள நாலைந்து பேரை உரிமம் பெற்ற மலை வழிகாட்டியோடு மட்டும் மேலே அனுப்பலாம். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் அதுவும் வேண்டாம்.

காட்சிமேடையில் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும். இங்கே சொல்லப்படும் கதை எல்லா வழிகாட்டிகளுக்கும் மனப்பாடம். 1835 பிப்ரவரி 1 அன்று, விடுதலைச் செய்தி சொல்ல வீரர்கள் மலைக்கு வந்தார்கள், தங்களைப் பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்து மரோன்கள் பாறையிலிருந்து குதித்து மாண்டார்கள். இது வலப்பக்கம் எழுத வேண்டியது, வாய்மொழி மரபு. இடப்பக்கத்தில் எழுத வேண்டியது, இந்த மலையில் மரோன்கள் ஒளிந்திருந்தார்கள் என்பதும், குகைகளில் ஆள் தங்கிய தடயம் கிடைத்திருக்கிறது என்பதும். ‘அப்போ கதை பொய்யா சார்?’ என்று ஒருவர் கேட்பார். தாள் எழுதும் உரிமை இல்லாதவர்கள் தலைமுறை தலைமுறையாக எதை நினைவில் வைத்தார்கள் என்பதற்கு அந்தக் கதையே சான்று, அந்த நாளில் என்ன நடந்தது என்பதற்கு அல்ல. இந்த வேறுபாட்டை அங்கே நின்று ஒரு கால்மணி பேசினால் போதும்.

கீழே, பொதுக் கடற்கரைக்கு எதிரே, 2009-ல் திறந்த அடிமைப் பாதை நினைவுச்சின்னம். பல நாட்டுச் சிற்பிகள் செதுக்கிய கற்கள், நிழல் குறைவு. சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் இங்கே நிற்காமல் ‘கடலுக்கடியில் அருவி’ காட்டும் ஹெலிகாப்டர் தளத்துக்கு ஓடும். ஓட்டுநரிடம் முந்தைய நாளே சொல்லி வையுங்கள்.

மலையிறங்கிய கையோடு கடலில் குளிக்க விடலாமா என்று கேட்பார்கள். விடலாம், பசங்கதானே. ஆனால் நினைவுச்சின்னம் பார்த்துக் குறிப்பெழுதி முடித்த பிறகு, வேறு கடற்கரையில். லெ மோர்ன் முனையில் சில இடங்களில் நீரோட்டம் இழுக்கும்.

நான்காம் நாள்: பாம்ப்ளமூஸ், பழைய ஆலை

வடக்கே பாம்ப்ளமூஸ் தாவரத் தோட்டத்தின் அல்லிக் குளத்துக்கு எல்லோரும் போவார்கள். அதே ஊரில் ‘அடிமைகள் குளம்’ என்று ஒரு கல்தொட்டி இருக்கிறது, விற்பனைக்கு முன் அடிமைகளைக் குளிப்பாட்டிய இடம் என்பார்கள். வலப்பக்கச் செய்தி. பிறகு போ ப்ளான் பழைய சர்க்கரை ஆலை, 1999-ல் ஓட்டம் நின்றது, இப்போது அருங்காட்சியகம். சாறு பிழியும் உருளைக்குள் கை சிக்கினால் என்ன ஆகும் என்பதை உருளையைப் பார்த்தாலே புரியும். கடைசியில் ஆறேழு வகைச் சர்க்கரையைச் சுவைக்கக் கொடுப்பார்கள், அங்கேயே கூட்டம் தேங்கிவிடும். அடிமைகள் பற்றிய பலகைகள் அதற்கு முன்னால் என்பதால் உள்ளே போகும்போதே நேரம் பிரித்துக் கொடுங்கள்.

மாலையில் செகா, அடிமைகளிடமிருந்து வந்த பாட்டும் ஆட்டமும். விடுதி மேடையில் பளபளப் பாவாடையோடு ஆடுவது ஒரு வகை. ரவான் என்ற ஆட்டுத்தோல் பறையை நெருப்பில் காட்டிச் சூடேற்றி அடிக்கும் மரபு செகா இன்னொரு வகை, 2014-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றது அதுதான். பறை காய்ச்சுவதை நம் மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

ஐந்தாம் நாள்: மோக்கா

மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடுகள் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டால்தான் குழுவை அனுமதிப்பார்கள். பேனா எடுத்துப் போக வேண்டாம், பென்சில் மட்டும். பெயர்களை வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். ‘அர்னாசெல்லும்’ அருணாசலம், ‘வைதிலிங்கம்’ எழுத்து சிதைந்து ‘வித்திலிங்கும்’, ‘வாலாய்தோன்’ வேலாயுதன், ‘கார்ப்பனென்’ கருப்பணன். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். தன் ஊர்ப் பெயரைக் கண்டுபிடிக்கும் மாணவர் ஒருவராவது இருப்பார், அதற்கு நேரம் விடுங்கள்.

சொல்லக் கூடாதவை, செய்யக் கூடாதவை

‘கூலி’, ‘மல்பார்’ என்ற சொற்களை ஆவணத்தில் படிக்கலாம், ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. இரண்டாவதை அங்கே வசையாகவும் பயன்படுத்துகிறார்கள். சுருள்முடிக் கடைக்காரரிடம் ‘உங்க தாத்தா அடிமையா?’ என்று கேட்கக் கூடாது. அவராகச் சொன்னால் கேட்கலாம். மாணவர்களை அடிமையாகவும் எஜமானாகவும் நடிக்க வைக்கும் ‘செயல்வழிக் கற்றல்’ வேண்டவே வேண்டாம். சிரிப்பில் முடியும், இல்லையென்றால் ஒரு பிள்ளையின் நிறத்தைச் சுட்டிய கேலியில் முடியும். அந்தக் கேலி ஊருக்குத் திரும்பிய பிறகும் நிற்காது.

திரும்பிய பின்

இரண்டு வாரத்துக்குள் பள்ளியில் ஒரு கண்காட்சி வையுங்கள், தள்ளிப்போனால் நடக்காது. 20 படம் போதும், 200 வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் இடம், தேதி, எந்தப் பக்கச் செய்தி என்ற மூன்றும் இருக்க வேண்டும். நடுவில் இரண்டு ஏ4 தாள் பக்கத்தில் பக்கமாக. ஒன்றில் பதிவேட்டிலிருந்து பென்சிலில் எடுத்துவந்த ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் விவரம்: எண், கப்பல், ஊர், தகப்பன் பெயர். மற்றொன்றில் பிரிட்டிஷ் கால அடிமைப் பதிவேட்டின் ஒரு வரி: இட்ட பெயர், வயது, பிறந்த நாடு, செய்த வேலை, உடல் அடையாளம். இரண்டாவதில் ஊருக்கும் தகப்பன் பெயருக்கும் ஒரு கட்டம் வரைந்து, காலியாக விடுங்கள். பார்க்க வரும் பெற்றோர் ‘இதை எழுத மறந்துட்டீங்களா?’ என்று கேட்பார்கள். பதில் சொல்ல ஒரு மாணவரை அங்கேயே நிறுத்தி வையுங்கள்.